கதிரைக் காலில் செய்த பிஸ்டல் பிடி

என் அருமைத் தம்பிக்கு,

போன கிழமை நீ போனில், "விளையாட்டுப் போட்டி எப்பிடி அப்பா போச்சுது?" என்று கேட்டாய். நான், "அம்மாட்டைக் குடுக்கிறன்" என்று சொல்லிப் போனைக் கைமாற்றிவிட்டேன். உலகத்தில் எந்தக் கேள்விக்கும் விடிய விடியப் பதில் சொல்லிப் பழகிய உன் தகப்பன் இரண்டே சொல்லில் தப்பி ஓடியதை நீ கவனித்திருப்பாய். கவனிக்காவிட்டாலும் குற்றமில்லை. நீ ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் இருந்தாய். அந்தக் கேள்விக்கான பதில்தான் இது. நேரில் வந்து சொல்லலாம். கிங்ஸ்பரிக்கும் எட்மண்டனுக்கும் இடையில் இருப்பது ஒரு வீதிதான். ஆனால் எப்போதும் வாகன நெரிசலில் நகராத அந்த நோர்த் சேர்க்குலர் வீதியில் காரை இறக்குவதைவிட, கொல்லையில் ஒரு கப்பலைக் கட்டி, பாய் விரித்து, ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தால் உன் வீட்டுக்கு முதலில் வந்து சேரலாம். அதனால் நீ வாங்கித் தந்த ஐபாட்டில் இடது கைச் சுட்டுவிரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக்கொண்டிருக்கிறேன். வலது கை மடியில் படுத்திருக்கிறது. அதுதான் இந்தக் கடிதத்தின் கதாநாயகன். கதாநாயகர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதுவதில்லை.

என் பதவியை முதலில் உனக்கு நினைவூட்டுகிறேன். எங்கள் பழைய மாணவர் சங்கம் வருடாவருடம் லண்டனில் நடத்தும் விளையாட்டுப் போட்டியில் ஓட்டங்களைத் தொடக்கிவைக்கும் ஸ்டார்ட்டர் நான். இந்த நாட்டில் எத்தனையோ பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள், ஸ்டார்ட்டர் மாறவில்லை. இன்றைக்கு வைத்தியர்களாகவும் கணக்காளர்களாகவும் திரிகிற பாதிப்பேரை முதன்முதலில் ஓடவைத்தது என் விரல். நீயும் அதில் ஒருவன். ஏழு வயதில், வெடி கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் முன்னால் ஓட, நீ மட்டும் திரும்பி என்னிடம் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாய். சனம் சிரித்தது. நான் ஒரு கையில் பிஸ்டலும் மறு கையில் நீயுமாக, தளபதி மாதிரி நின்றேன். அன்றைக்கு நீ கடைசி. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கோப்பை ஒருவரும் தரவில்லை.

அந்தப் பிஸ்டலை உன் மனைவிக்கு விளங்கப்படுத்து, இல்லாவிட்டால் இதை வாசித்துப் பயந்துவிடுவாள். அது குண்டு போடாது. குழலின் வாய் அடைத்திருக்கும். சத்த வெடி மட்டும்தான். இந்த நாட்டுச் சட்டப்படி உடம்பு முழுக்கச் செம்மஞ்சள் நிறம் வேறு. மேசையில் வைத்தால் யாராவது தோடம்பழம் என்று உரிக்கத் தொடங்குவார்கள். ஆனால் உன் அம்மாவுக்கு அது துவக்குத்தான். "என்ன நிறம் அடிச்சாலும் துவக்குத் துவக்குத்தான், வீட்டுக்குள்ள கொண்டு வராதையுங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஊரில் அவர் கேட்ட சத்தங்கள் அவருக்குப் போதும். ஆகவே அது கொல்லையில் உள்ள ஷெட்டில்தான் வாழ்கிறது. போட்டிக்கு அம்மா வராமல் இருப்பதுமில்லை. முன்வரிசையில் இருப்பார். நான் கையைத் தூக்கியதும் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தி, கண்ணையும் இறுக மூடிவிடுவார். பிள்ளைகள் பாதித் தூரம் ஓடிய பிறகுதான் திறப்பார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு ஓட்டத்தின் தொடக்கத்தையாவது பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் என் சிவப்புக் கோட்டைக் கழற்றச் சொல்லி, வெடிமணம் போகுமட்டும் ஷெட்டில் கொண்டுபோய்த் தொங்கவிடுவார். இதுதான் எங்கள் தாம்பத்தியத்தின் வருடாந்த உற்சவம்.

கை விஷயம் உனக்குத் தெரியும், ஆனால் முழுதாகத் தெரியாது. வைத்தியசாலையில் என்னைப் பார்க்கிற பெரிய டாக்டர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல பிள்ளை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் வேகமா தட்டுங்க சார்."

"நான் ஸ்டார்ட்டர், டொக்டர். மேளகாரன் இல்லை."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "சார், பார்க்கின்சனுக்கு இந்த மாத்திரை நல்லாவே கேக்கும். போட்டா ஒரு ரெண்டு மூணு மணி நேரம் கை உங்க பேச்சைக் கேக்கும். அப்புறம் கேக்காது. போகப் போக அந்த நேரம் குறையும்" என்றார். எதுவரை குறையும் என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். தம்பி, ஒரு டாக்டர் உன்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தால், மேலே கேள்வி கேட்காதே. இது என் புத்திமதி. இந்தக் கடிதத்தில் புத்திமதிகள் ஆங்காங்கே கிடக்கும். காலில் குத்தினால் எடுத்து வைத்துக்கொள்.

வைத்தியசாலையில் எனக்கொரு கரண்டி தந்தார்கள். அதன் பிடி வாழைத்தண்டு மாதிரித் தடிப்பு. மெல்லிய பிடியை என் விரல்கள் மறந்துபோகும். தடித்த பிடி என்றால் கொஞ்சம் நினைவிருக்கும். அந்தக் கரண்டியால் சோறு சிந்தாமல் வாய்க்குப் போன அன்றுதான் எனக்கு ஞானம் பிறந்தது. கரண்டிக்குத் தடித்த பிடி போடலாம் என்றால் பிஸ்டலுக்கு ஏன் போடக்கூடாது? பிஸ்டலின் பிடி என்பது பெரிய வித்தையில்லை. இரண்டு பக்கமும் இரண்டு பிளாஸ்டிக் தட்டு, குறுக்கே ஒரு திருகாணி. திருகாணியைக் கழற்றினால் தட்டுகள் கையோடு வந்துவிடும். அதில் ஒன்று ஏற்கெனவே வெடித்திருந்தது; இரண்டையும் குப்பையில் போட்டேன். போடும்போது எவ்வளவு கம்பீரமாகப் போட்டேன் என்று நீ பார்த்திருக்கவேண்டும்.

மரம் வேண்டும். கடையில் விற்பது பாண் மாதிரி மெத்தென்று இருக்கிறது. எங்கள் சாப்பாட்டு மேசைக் கதிரைகள் நல்ல கெட்டி மரம்; உனக்குத் தெரியும், ஒன்று காலில் விழுந்து நீ ஒரு மாதம் நொண்டினாய். அம்மாவின் தடையை மீறி, அளவு பார்க்கப் பிஸ்டலையும் உள்ளே கொண்டுவந்து வைத்து, ஒரு கதிரையைக் கவிழ்த்து, மரம் அறுக்கிற வாளால் அரியத் தொடங்கினேன். அம்மா வந்தார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"மரம் எடுக்கிறன்."

"அது பிள்ளையின்ர கதிரையெல்லே."

"பிள்ளை இப்ப தன்ர வீட்டுக் கதிரையில இருக்கிறான்."

"வந்தா எங்க இருக்கிறது?"

"வந்தாப் பாப்பம்."

 அம்மா யன்னல் திரையை இழுத்து மூடினார். "வெளியில ஆரும் அந்தச் சாமானைக் கண்டா பொலிஸ் வரும்" என்று மட்டும் முணுமுணுத்தார். நான் 'வந்தாப் பாப்பம்' என்று சொன்னது உன்னைக் குத்துவதற்காக அல்ல. நான்கு கதிரையில் எதை அரிந்தால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை என்று என் கை தானாகவே கணக்குப் பார்த்திருந்தது. அது சரியான கணக்கு என்பதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. கதிரை இப்போது மூன்று காலோடு சுவரில் சாய்ந்து நிற்கிறது, சங்கக் கூட்டத்தில் மூன்று மணித்தியாலம் நின்றவன் மாதிரி.

இனி அச்சு. என் கைக்கென்றே ஒரு பிடி. உலகத்தில் வேறு எந்தக் கைக்கும் இல்லாத பிடி. அம்மா ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார்.

"அதில கொஞ்சம் தாரும்."

"சாப்பிடவோ, சண்டைக்கோ?"

"சரித்திரத்துக்கு."

ஒரு உருண்டையை எறிகிற மாதிரித் தந்தார். நான் அதில் உப்பைக் கொட்டிக் குழைத்து, பிஸ்டலின் எலும்பைச் சுற்றி அப்பி, வலது கையால் இறுக்கிப் பிடித்தேன். காலை மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம். விரல்கள் நான்கும் ஒழுங்காக, பள்ளிக்கூட வரிசை மாதிரி மாவில் பதிந்தன. மாவை அலுங்காமல் பிஸ்டலிலிருந்து கழற்றி, ஓவனில் காயவைத்து எடுத்தபோது, தம்பி, அது என் இருபது வயதுக் கை. அதைப் பார்த்துச் செதுக்கினேன். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம், பள்ளங்களுக்கு நடுவே வரம்பு மாதிரி எழும்பிய மேடு. உப்புத்தாள் தேய்க்க மட்டும் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. தாளைக் கையில் கட்டிவிட்டால் போதும், நடுக்கம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு தொழிலுக்கு என்னைப்போல் ஆள் வால்தம்ஸ்டோ வரைக்கும் தேடினாலும் கிடைக்காது. எண்ணெய் பூசித் திருகாணியை முறுக்கியதும் பிஸ்டல் கையில் வந்து குந்தியது, கூட்டுக்குப் புறா வந்த மாதிரி. கொல்லைக் கதவடியில் நின்று வெடி போடாமல் இழுத்துப் பார்த்தேன். டிக். இன்னொரு தரம். டிக். அம்மா உள்ளே இருந்து, "வெடி கிடி போட்டியளோ?" என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்குப் போய் டிக் என்று ஒரு பரீட்சை வைத்தேன். ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு நூறு. மத்தியானத்தில் ஒருநாளாவது அந்தப் பரீட்சையை வைத்துப் பார்க்கவில்லை. தெரிந்த கேள்விகளை மட்டும் தானே கேட்டுத் தானே சரி போட்டுக்கொண்ட மகா பண்டிதன் நான்.

மாத்திரை முடிகிறது. விரல் ஒரே எழுத்தை நாலுதரம் குத்துகிறது. மிச்சம் நாளைக்கு.

நாளைக்கு என்றேன்; ஆனால் இது மறுநாள் இல்லை, அதற்கும் அடுத்த நாள். நேற்று நல்ல நேரமே வரவில்லை.

போட்டிக்கு வருகிறேன். அழைப்பிதழில் தடித்த எழுத்தில், 'சரியாகக் காலை பத்து மணிக்கு' என்று அச்சடித்திருந்தார்கள். நான் அதை நம்பினேன். எங்கள் சனம் சரியாகப் பத்து மணிக்கு என்றால் என்ன அர்த்தம் என்று உலகத்துக்கே விளங்கப்படுத்திய நான், இந்த ஒரு தரம் நம்பினேன். பத்து மணிக்குக் கை உச்சத்தில் இருக்கும்படி கணக்குப் பார்த்து மாத்திரை போட்டேன். சிவப்புக் கோட்டைப் போட்டு, பிஸ்டலைப் பொக்கற்றில் வைத்து, அம்மா கார் ஓட்ட, ஒன்பதரைக்கே மைதானத்தில் நின்றேன். மைதானத்தில் நானும் அம்மாவும் கோடு போடுகிற மனிதரும் மட்டும். பத்து மணிக்கு என் கை மலை மாதிரி நின்றது. பத்து மணிக்கு அந்தக் கையால் இங்கிலாந்து முழுவதையும் ஓடவைத்திருப்பேன்.

பிரதம விருந்தினர் நோர்த் சேர்க்குலரில் நின்றுவிட்டார். அவர் வந்த பிறகு மங்கள விளக்கு; காற்றில் அது அணைந்து அணைந்து, குத்துவிளக்கைச் சுற்றி ஆட்கள் சுவர் மாதிரி நின்று ஏற்றினார்கள். பிறகு கொடி. பிறகு இறந்தவர்களுக்கு அகவணக்கம். பிறகு வரவேற்புரை. அதற்குப் பிறகு செயலாளர் பொடியன் மைக்கைப் பிடித்து, "இன்னொரு சின்ன விசயம் இருக்கு" என்றான். சின்ன விசயம் நான்தான். நீண்டகாலச் சேவைக்காக என்னைக் கௌரவிக்கிறார்களாம். எனக்கு முன்னே சொல்லவில்லை, ஆச்சரியப்படுத்தினார்களாம். பொன்னாடை போர்த்தினார்கள். இந்நாள் தலைவர் பேசினார், முன்னாள் தலைவர் பேசினார், அதற்கு முன்னாள் தலைவர் இரண்டே வார்த்தை என்று தொடங்கினார். மகனே, ஒருவன் இரண்டே வார்த்தை என்று சொல்லி மைக்கைப் பிடித்தால், வீட்டில் அடுப்பு எரிகிறது என்று சொல்லிவிட்டு ஓடு. "அண்ணையின்ர கை இல்லாட்டி எங்கட பிள்ளையளுக்கு ஓட்டமே இல்லை" என்றார் அவர். சனம் கைதட்டியது. அந்த நேரம் என் பெருவிரல் பொன்னாடைக்குள்ளே மெல்ல ஆடத் தொடங்கிவிட்டது.

அதைவிட மோசமான ஒன்று சொல்கிறேன். கடைசியில் மைக்கை என்னிடம் தந்தார்கள். 'நன்றி, ஓட்டத்தைத் தொடங்குவோம்' என்று சொல்லியிருக்கலாம். கையில் இன்னும் கொஞ்சம் நல்ல நேரம் மிச்சம் இருந்தது. ஆனால் சனம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, தம்பி. நான் பேசினேன். உன் ஓட்டத்தைச் சொன்னேன், நீ திரும்பி ஓடிவந்து காலைக் கட்டியதைச் சொன்னேன், தோடம்பழக் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். இன்னும் சொன்னேன். பொக்கற்றில் இருந்த அடுத்த மாத்திரையைத் தேத்தண்ணியோடு போட்டுக்கொண்டு தொடக்கக் கோட்டுக்கு நடந்தபோது கால் சிறிதாகத்தான் எட்டு வைத்தது. அந்த மாத்திரை ஏறவும் நேரம் வேண்டும். அங்கே சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று களைத்து, ஒன்று புல்லைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது.

"ஒன் யுவர் மார்க்ஸ்" என்றேன். குரலில் ஒரு குறையுமில்லை. பிஸ்டலை எடுத்தேன். விரல்கள் உள்ளே சுருண்டிருந்தன. நடுவிரலுக்குச் செதுக்கிய பள்ளத்தில் மோதிரவிரல் விழுந்தது. சுட்டுவிரல், நான் அவ்வளவு பெருமையாக விட்ட மேட்டில் போய் முட்டி நின்றது. பிஸ்டலின் விசைக்கு எட்டவில்லை. மேடு இல்லாத பழைய பிளாஸ்டிக் என்றால் வழுக்கியாவது போயிருக்கும். கையைத் தூக்கினேன். "செற்" என்றேன். பிள்ளைகள் குனிந்தார்கள். முன்வரிசையில் அம்மா காதைப் பொத்திக் கண்ணை மூடினார்.

நான் இழுத்தேன். அதாவது, இழு என்று சொன்னேன். தலையிலிருந்து உத்தரவு போனது. வழியில் எங்கோ நோர்த் சேர்க்குலரில் நின்றுவிட்டது. கை வானத்தில். பொன்னாடை தோளில். பெற்றோர் எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் குனிந்தபடியே இருந்தார்கள். நல்ல பிள்ளைகள், வெடி கேட்காமல் ஓடக்கூடாது என்று நானே சொல்லிக்கொடுத்தது. வரிசைக் கரையில் நின்ற ஒரு சின்னப் பெண் குனிந்த வாக்கிலேயே தலையைத் திருப்பி, "அங்கிள், இஸ் இட் கோ?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. உன் அப்பாவுக்கு, தம்பி, வாய் வரவில்லை.

செயலாளர் பொடியன் பின்னால் நின்று இரண்டு கையையும் தட்டி, "கோ" என்று கத்தினான். ஓடிவிட்டார்கள். அவன் மெதுவாக வந்து என் கையைப் பிடித்து இறக்கி, விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். "அண்ணை, சரியான வெயில், கொஞ்சம் இருங்கோ" என்றான். வானத்தில் வெயிலே இல்லை. அடுத்த ஓட்டத்துக்குத் தானே வெடி போடலாம் என்று பிஸ்டலைப் பிடித்துப் பார்த்தான். அவன் கைக்கு அது இடங்கொடுக்கவில்லை. இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான்.

"இதை எப்பிடி அண்ணை பிடிக்கிறது?"

"பத்து மணிக்குப் பிடிக்கவேணும்" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தான். பிறகு விசில் ஒன்று தேடி எடுத்தான். விசில் நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் ஓடினார்கள், ஒருவரும் விழவில்லை, ஒருவரும் வித்தியாசம் கேட்கவில்லை. பூமியில் ஒருவராலும் சுட முடியாத ஒரே பிஸ்டலைச் செய்த பெருமை எனக்கே உரியது. ஆயுதக் குறைப்பு என்று நாடுகளெல்லாம் கூட்டம் வைத்துச் செய்ய முடியாமல் போனதை, உன் கதிரைக் காலை வைத்து ஒரு கிழவன் செய்து முடித்துவிட்டான்.

 காரில் வரும்போது, வெம்பிளி வந்ததும் அம்மா, "இந்த முறை சத்தம் குறைவு, என்ன?" என்றார்.

"ஓம். வெடியை மாத்திப்போட்டாங்கள். புதுச் சட்டம்" என்றேன்.

"ம்" என்றார்.

அவர் கண்ணை எப்போது திறந்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. டாக்டர் சொன்ன நேரம் குறைந்துகொண்டுதான் வருகிறது; இந்தக் கடிதம் எத்தனை துண்டாக வந்திருக்கிறது என்பதிலேயே உனக்கு விளங்கும். அடுத்த வருடத்துக்கு விசில் இருக்கிறது. ஆகவே நீ கவலைப்பட்டு ஏதாவது செய்யவேண்டும் என்று இதை எழுதவில்லை. செய்ய ஒன்றுமில்லை. அரிந்த காலைக் கதிரையில் திரும்ப ஒட்ட முடியாது; பாதி மரம் தூளாகப் போய்விட்டது. நீ வந்தால் என் கதிரையில் இரு. நான் நிற்கிறேன், நிற்கிறபோது நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது. கை நன்றாக இருக்கும்போது யாராவது உன்னைப் புகழ வந்தால் பிறகு வா என்று சொல்லிவிட்டு வேலையைப் பார், இதுதான் கடைசிப் புத்திமதி. இந்தக் கடிதத்தை அம்மாவுக்கும் காட்டலாம். அவருக்குத் தெரியாதது இதில் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வழமைபோலக் கோட்டைக் கழற்றித் தந்தேன். அம்மா அதை வாங்கி, ஷெட்டுக்குப் போகக் கொல்லைக் கதவடி வரைக்கும் போனார். அங்கே நின்று கோட்டை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.  பிறகு திரும்பி வந்து, அதை வீட்டுக்குள்ளே தன்னுடைய சேலை அலுமாரியில் தொங்கவிட்டார்.

அப்பா